நம்பரைப் போடும் முன் இலக்கத்தை எண்ணுவோம்



இந்த மாதப் பாடம் இன்டர்நெட் போனைப் பற்றியது. "அதெல்லாம் பசங்க பாத்துக்குவாங்க" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இந்த விஷயத்தில் எங்கள் அலுவலகம் செய்த ஒரு தப்பினால் நம் குழு ஒன்றுக்கு வங்கிக் கடன் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதை மறைத்துவிட்டுப் பாடம் மட்டும் எழுதினால் நன்றாக இருக்காது. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறோம்.

கூட்டமைப்பு அலுவலகத்தில் முன்பெல்லாம் ஊக்குநர், பிரதிநிதிகளுக்குத் தகவல் சொல்ல ஆளுக்கொரு செல்போனில் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு கம்ப்யூட்டரிலேயே ஒரு செயலியைப் போட்டு, இன்டர்நெட் வழியாகச் சாதாரண போன்களுக்குப் பேசும் இணைப்பு ஒன்றை வாங்கினோம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பட்டியலில் பேரைத் தொட்டால் போன் போகும். நூற்றுக்கணக்கான குழுக்களுக்குச் சொல்ல வேண்டிய வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

ராசிபுரம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு குழு. கடன் முகாம் புதன்கிழமை என்று முதலில் சொல்லியிருந்தார்கள். பிறகு செவ்வாய்க்கிழமைக்கு மாற்றினார்கள். எல்லாப் பிரதிநிதிகளுக்கும் போன் போட்டுச் சொன்னோம். அந்தக் குழுவின் பிரதிநிதி அக்காவுக்கு மட்டும் போன் போகவே இல்லை. "நீங்கள் அழைத்த எண்ணைச் சரிபார்க்கவும்" என்றே மூன்று தடவையும் வந்தது. எங்கள் பெண் பதிவேட்டில் "எண் தவறு" என்று எழுதி வைத்துவிட்டார். யாரும் நேரில் போய்ப் பார்க்கவில்லை. புதன்கிழமை அந்த அக்கா பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு, தீர்மான நோட்டு, பாஸ்புக் எல்லாம் எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் நின்றிருக்கிறார். முகாம் நேற்றே முடிந்துவிட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "ஏனுங்க மேடம், எட்டு வருசமா இதே நம்பர்தானுங்க வெச்சிருக்கறேன். தப்பு நம்பர்னு எழுதிட்டீங்களாமா?" என்று கேட்டார். எங்கள் செல்போனிலிருந்து அங்கேயே அந்த நம்பரைப் போட்டுப் பார்த்தோம். அவர் கையிலிருந்த போன் மணி அடித்தது. கம்ப்யூட்டரிலிருந்து போட்டோம். "எண்ணைச் சரிபார்க்கவும்" என்றது.

அவர் நம்பர் 91 என்று தொடங்குகிற செல் நம்பர். விஷயம் அதில்தான் இருந்தது.

இதைப் புரிந்துகொள்ள, ஒரு போன் நம்பருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நம் ஊருக்குள் ஒருவர் வீட்டைக் கேட்டால் "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி" என்றால் போதும். வெளியூரிலிருந்து கடுதாசி வர வேண்டுமென்றால் ஊர் பேர், அஞ்சல், மாவட்டம், பின்கோடு எல்லாம் எழுத வேண்டும். போன் நம்பரும் அப்படித்தான். வயர் போன் இருந்த காலத்தில், ராசிபுரத்துக்குள் பேச ஆறு இலக்கம் போதும். சேலத்திலிருந்து ராசிபுரத்துக்குப் பேச 04287 சேர்க்க வேண்டும். அதில் முன்னால் நிற்கும் 0 ஊர் நம்பரே இல்லை. "நான் ஊரை விட்டு வெளியே பேசப் போகிறேன்" என்று எக்சேஞ்சுக்குச் சொல்லும் வாசற்படி அது. உண்மையான ஊர் எண் 4287தான்.

நம் பகுதி எண்களை ஒரு தடவை பாருங்கள். சேலம் 0427. ஏற்காடு 04281, ஆத்தூர் 04282, சங்ககிரி 04283, நாமக்கல் 04286, ராசிபுரம் 04287, திருச்செங்கோடு 04288. 1997 ஜனவரி 1-ம் தேதி நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. போன் எண்கள் மட்டும் இன்றைக்கும் அக்கம்பக்கத்து வீடுகள் மாதிரி வரிசையாகவே நிற்கின்றன.

இப்போது ஒரு கணக்கு. சேலத்து வீட்டு போன் நம்பர் 7 இலக்கம். அதன் முன் 427 என்ற 3 இலக்கம். மொத்தம் 10. நாமக்கல்லில் 6 இலக்கம், முன்னால் 4286 என்ற 4 இலக்கம். அதுவும் 10. செல்போன் நம்பரும் 10. வாசற்படி 0 போக, நம் நாட்டில் வயர் போனோ செல்போனோ ஒரு முழு நம்பர் என்றால் 10 இலக்கம். இந்தப் பத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

அந்தப் பத்துக்கு முன்னால் வருவது நாட்டின் எண். இந்தியாவுக்கு 91. அதற்கும் முன்னால் வரும் கூட்டல் குறி, "அடுத்து வருவது நாட்டு எண்" என்று சொல்லும் அடையாளம். ஆகவே உலகத்தில் எங்கிருந்து கூப்பிட்டாலும் தப்பாத முழு விலாசம் என்பது கூட்டல் குறி, 91, பிறகு 10 இலக்கம்.

சரி, செல்போனில் வெறும் 10 இலக்கம் போட்டாலே போகிறதே, இன்டர்நெட் போனுக்கு மட்டும் எதற்கு இந்தப் பாடு? காரணம் இருக்கிறது. ராசிபுரத்து வயர் போன் ராசிபுரம் எக்சேஞ்சோடு கட்டப்பட்டிருந்தது. அதனால் ஆறு இலக்கம் போட்டால் "இந்த ஊருக்குள் கேட்கிறார்கள்" என்று அதற்குத் தெரியும். செல்போனுக்கு சிம் கார்டு இருக்கிறது, அது இந்தியா சிம் என்று டவருக்குத் தெரியும். இன்டர்நெட் போன் செயலிக்கு ஊரே கிடையாது. அது நாமக்கல்லில் ஓடுகிறதா, சிங்கப்பூரில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. நாம்தான் சொல்லித்தர வேண்டும். அப்படிச் சொல்லித்தருவதற்குப் பெயர்தான் டயல் விதி. "இப்படி ஒரு நம்பர் வந்தால் முன்னால் இதைச் சேர், இதை எடுத்துவிடு" என்று செயலிக்குள் எழுதி வைக்கும் கட்டளை, அவ்வளவுதான்.

நம் நாட்டில் இது ரொம்பப் பழைய விஷயமும் இல்லை. ஆபரேட்டரைக் கேட்காமல் வெளியூருக்கு நேரடியாக டயல் செய்யும் வசதி முதன்முதலில் 1960-ல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் நடுவே வந்தது. செயலியிலிருந்து நாட்டிலுள்ள எந்தச் சாதாரண போனுக்கும் பேசலாம் என்று 2018-ல்தான் பி.எஸ்.என்.எல். 'விங்ஸ்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. நாட்டின் முதல் இன்டர்நெட் டெலிபோன் சேவை என்று அதை அறிவித்தார்கள்.

எங்கள் அலுவலகச் செயலியில் இணைப்புக் கொடுக்க வந்தவர் இரண்டே விதி போட்டிருந்தார். நம்பர் 91-ல் தொடங்கினால் நாட்டு எண் ஏற்கெனவே இருக்கிறது என்று எடுத்துக்கொள், கூட்டல் குறி மட்டும் சேர். மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் 91 சேர். கேட்கும்போது சரியாகத்தான் தோன்றும். எங்களுக்கும் தோன்றியது, தலையாட்டினோம். ஆனால் செல் நம்பரே 91 என்று தொடங்கலாம் அல்லவா? அந்த அக்காவின் 10 இலக்கத்தில் முதல் இரண்டை நாட்டு எண் என்று செயலி எடுத்துக்கொண்டது. மீதி எட்டே இலக்கம். எட்டு இலக்கத்தில் நம் நாட்டில் முழு நம்பர் ஏது? தேடிப் பார்த்தபோது எங்கள் பட்டியலில் அவரைப் போல இன்னும் பதினாறு பேர் இருந்தார்கள். எல்லார் பேருக்கும் எதிரே "எண் தவறு", "தொடர்பு கிடைக்கவில்லை".

முதல் இலக்கத்தைப் பார்த்து முடிவு செய்ததுதான் தப்பு. மொத்தம் எத்தனை இலக்கம் என்று எண்ணியிருக்க வேண்டும். 91-ல் தொடங்கி 12 இலக்கம் இருந்தால் அது நாட்டு எண். 91-ல் தொடங்கி 10 இலக்கமே இருந்தால் அது ஆளின் நம்பர்.

இப்போது விதிகளை மாற்றி எழுதியிருக்கிறோம். செயலி விதிகளை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் எது பொருந்துகிறதோ அதை எடுத்துக்கொண்டு நின்றுவிடும், அடுத்ததைப் பார்க்காது. சேகோ பேக்டரியில் வேலை செய்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். மேல் சல்லடையில் தங்கிய குருணை கீழ் சல்லடைக்கு வராது. ஆகவே எந்தச் சல்லடை மேலே, எது கீழே என்பது முக்கியம்.

மேலே முதல் விதி: மூன்று, நான்கு இலக்க நம்பர்களை அப்படியே விடு, எதையும் சேர்க்காதே. (112, 181, 1098, 1930 போன்றவை. இதைப் பற்றித் தனியாகச் சொல்கிறோம்.) இரண்டாவது: கூட்டல் குறியோடு இருந்தால் தொடாதே. மூன்றாவது: 00 என்று தொடங்கினால் அந்த இரண்டு சைபரையும் எடுத்துவிட்டுக் கூட்டல் குறி போடு. நான்காவது: 1800 என்று தொடங்கும் இலவச எண்ணை அப்படியே விடு. அதற்குக் கீழேதான் எண்ணிக்கை வருகிறது. 0-வில் தொடங்கி 11 இலக்கம் இருந்தால் 0-வை எடுத்துவிட்டு முன்னால் கூட்டல் குறியும் 91-ம் சேர். 10 இலக்கம் இருந்தால் எதையும் எடுக்காமல் அவற்றைச் சேர். 91-ல் தொடங்கி 12 இலக்கம் இருந்தால் கூட்டல் குறி மட்டும்.

பழைய டைரியில் நம்பர் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 2000-களில் பக்கத்து மாவட்டத்துக்குப் பேச 0-வுக்குப் பதில் 95 போடும் பழக்கம் இருந்தது ஞாபகம் இருக்கலாம். சேலத்து நம்பரை 95427 என்று தொடங்கி எழுதி வைத்திருப்பார்கள். அந்த முறை எப்போதோ போய்விட்டது. இன்றைக்கு 95 என்று தொடங்கும் செல் நம்பர்களும் உண்டு. இங்கேயும் எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். 12 இலக்கம் என்றால் பழைய எழுத்து, 95-ஐ அடித்துவிடலாம். 10 என்றால் செல் நம்பர், கை வைக்கக் கூடாது.

ஆறு இலக்க நம்பருக்கு மட்டும் விதி போட வேண்டாம் என்று முடிவு செய்தோம். "ஆறு இலக்கம் வந்தால் 4286 சேர்" என்று எழுதிவிடலாம்தான். ஆனால் பதிவேட்டில் திருச்செங்கோட்டு நம்பரும் ஆறு இலக்கமாகவே இருக்கிறது, ராசிபுரத்து நம்பரும் அப்படித்தான். செயலி எல்லாவற்றையும் நாமக்கல்லுக்கே அனுப்பிவிடும். சம்பந்தமில்லாத ஒரு வீட்டில் மணி அடிக்கும், நாம் குழுக் கணக்கைப் பேசிக்கொண்டிருப்போம். விதியால் தீராத இடத்தில் பதிவேட்டைத்தான் திருத்த வேண்டும்.

வயர் போன் இன்னும் வைத்திருக்கும் வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு தகவல். 2021 ஜனவரி 15 முதல் வயர் போனிலிருந்து செல்போனுக்குப் பேச முன்னால் 0 போட வேண்டும். செல்லிலிருந்து செல்லுக்கு வேண்டாம்.

இனி வாட்ஸ்அப். நம் உறுப்பினர்கள் அதிகம் பயன்படுத்தும் இன்டர்நெட் போன் இதுதான். இதில் நாம் விதி எழுத முடியாது. செயலிக்குள்ளேயே எழுதி வைத்துவிட்டார்கள். கூட்டல் குறி இல்லாமல் சேமித்த நம்பரை, அது நம் நாட்டு நம்பர் என்றே எடுத்துக்கொள்ளும். ரிக் வண்டியில் ஆந்திராவுக்கோ மத்தியப் பிரதேசத்துக்கோ போயிருக்கும் வீட்டுக்காரருக்கு இதனால் சிக்கல் வராது. வெளிநாடு போன பிள்ளைக்கு வரும்.

திருச்செங்கோடு பக்கம் ஒரு அம்மாவின் மகன் துபாய்க்கு வேலைக்குப் போனார். கூட வேலை செய்யும் ஒருவர் ஊருக்கு வந்தபோது, மகனின் புது நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அங்கே எல்லாரும் எழுதுவது போல 05 என்று தொடங்கும் பத்து இலக்கம். அந்த அம்மா அப்படியே போனில் ஏற்றிவிட்டார். வாட்ஸ்அப்பில் மகன் பேர் வரவே இல்லை. மூன்று வாரம். "எம் பையன் என்னைய மறந்துட்டான்" என்று கூட்டத்தில் அழுதார். பையனோ அம்மா ஏன் பேசவில்லை என்று அங்கே தவித்திருக்கிறார். அவருடைய பழைய போன் தொலைந்ததில் அம்மா நம்பரும் போய்விட்டது.

அந்த 05-ல் இருக்கும் 0 நமக்குள்ள அதே வாசற்படி 0-தான். துபாய்க்குள் பேச அது வேண்டும். வெளியிலிருந்து கூப்பிடும்போது அதை எடுத்துவிட்டு, கூட்டல் குறி, 971, பிறகு 5 என்று தொடர வேண்டும். சவூதிக்கும் அப்படியே, நாட்டு எண் 966. மலேசியாவுக்கு 60, அங்கேயும் முன்னால் உள்ள 0 போய்விடும். சிங்கப்பூர் 65, கத்தார் 974, குவைத் 965. இந்த மூன்று நாடுகளிலும் நம்பரே 8 இலக்கம்தான், முன்னால் 0 கிடையாது. எட்டுதானே இருக்கிறது, இரண்டு விட்டுப்போச்சோ என்று பயப்பட வேண்டாம். கூட்டல் குறி எங்கே இருக்கிறது என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். டச் போனில் 0-வைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் வரும். பல பட்டன் போன்களில் நட்சத்திரக் குறியைச் சட்டென்று இரண்டு தடவை அழுத்தினால் வரும்.

கூட்டல் குறிக்குப் பதில் 00 போட்டால் ஆகாதா? இந்தியாவிலிருந்து போட்டால் ஆகும். சிங்கப்பூரில் வெளிநாட்டுக்குப் போட 001, அமெரிக்காவில் 011. ஊருக்கு ஊர் வாசல் மாறும். கூட்டல் குறி போட்டால் அந்தந்த ஊர் வாசலை அதுவே பார்த்துக்கொள்ளும். நம் நம்பரைப் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கும்போதும் கூட்டல் குறி, 91 சேர்த்தே எழுதுங்கள்.

நம்பரைச் சரியாகப் போட்டும் துபாய்க்கு வாட்ஸ்அப்பில் எழுத்து போகும், குரல் பதிவு போகும், நேரடிப் பேச்சு மட்டும் போகாது. அது நம் தப்பு இல்லை. அந்த நாட்டில் அனுமதி பெற்ற செயலிகளில்தான் இன்டர்நெட் வழியாகப் பேச முடியும். அங்கிருப்பவர்கள் 'போட்டிம்' என்ற செயலியில் பேசுகிறார்கள். அந்த அம்மாவும் இப்போது அதில்தான் பேசுகிறார்.

இப்போது குறுகிய எண்கள். முதல் விதியாக இவற்றை மேலே வைத்ததற்குக் காரணம், "எதற்கும் 91 சேர்" என்ற விதிக்குள் 108 மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்ததுதான். ஆனால் விதி சரியாக இருந்தாலும், அவசரத்துக்கு இன்டர்நெட் போனை நம்ப வேண்டாம். வாட்ஸ்அப்பிலிருந்து ஆம்புலன்சுக்கோ போலீசுக்கோ பேசவே முடியாது. எங்கள் அலுவலக இணைப்பிலும் அவசர எண்களுக்கு உத்தரவாதம் இல்லை என்று எழுதித்தான் கொடுத்திருக்கிறார்கள். கரண்ட் போனால், நெட் போனால் பேச்சும் போச்சு. நம் மாநிலத்தில் 2008 செப்டம்பரிலிருந்து ஓடுகிற 108-க்குச் சாதாரண செல்போனில் மூன்று எண்ணை அழுத்தினால் போதும். பிரசவ வலியோ, பாம்புக்கடியோ, எந்தச் செயலியையும் திறந்து கொண்டிருக்காதீர்கள். போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் 112. பெண்கள் உதவிக்கு 181. குழந்தைகளுக்கு 1098. அலுவலகக் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒரு பட்டன் போனை இதற்காகவே சார்ஜ் போட்டு வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒன்று. நட்சத்திரக் குறி, வேலி போன்ற குறி இரண்டும் நம்பர் இல்லை, நெட்வொர்க்குக்குக் கொடுக்கும் கட்டளை. "கூரியர் வந்திருக்குது, இந்த நம்பரப் போடுங்க" என்று சொல்லி, நட்சத்திரக் குறி, 401, மறுபடி நட்சத்திரக் குறி, அதற்குப் பின் ஒரு செல் நம்பர் போடச் சொல்லி ஏமாற்றினார்கள். போட்டவுடன் நமக்கு வரும் அழைப்பெல்லாம் அந்த நம்பருக்குத் திரும்பிவிடும். போன் பேச்சாக வரும் ஓ.டி.பி.-யை அவர்கள் கேட்டுக்கொண்டு நம் வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் குழு உறுப்பினர்களுக்கு நம் பேரில் "அவசரமா அஞ்சாயிரம் போடுங்க" என்று செய்தி போகும். இதனால்தான் இப்படி எண் போட்டு அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. ஆனாலும் போன் செட்டிங்கில் 'கால் ஃபார்வர்டிங்' என்ற இடத்தைத் திறந்து, நமக்குத் தெரியாத நம்பர் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930. நாள் கடத்தினால் பணத்தைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம்.

ராசிபுரம் அக்கா குழுவுக்கு அடுத்த முகாமில் கடன் கிடைத்துவிட்டது. அதற்குள் மரவள்ளிக் கிழங்கு வெட்டுக் கூலிக்காக அவர் வெளியே நாற்பதாயிரம் வாங்கியிருந்தார். மூணு வட்டி. இரண்டு மாதத்துக்கு 2,400 ரூபாய். "உங்க கம்ப்யூட்டரு போட்ட வட்டிங்க அது" என்று அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தொகையை அலுவலகச் செலவில் கொடுப்பது பற்றி அடுத்த செயற்குழுவில் தீர்மானத்துக்கு வைத்திருக்கிறோம். மூன்று தடவை போன் போகவில்லை என்றால் பதிவேட்டில் "எண் தவறு" என்று எழுதாமல், அந்த ஊருக்கு ஆள் போக வேண்டும் என்பதும் அதே தீர்மானத்தில் இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஊக்குநர், பிரதிநிதிகள் தங்கள் குழுப் பதிவேட்டின் போன் நம்பர் பக்கத்தைக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு நம்பரையும் எண்ணி, 10 இலக்கம் இருக்கிறதா என்று பார்த்து, முன்னால் கூட்டல் குறியும் 91-ம் சேர்த்துத் திருத்தி எழுதுவோம். கண்ணாடி போடுகிறவர்கள் மறக்காமல் எடுத்து வாருங்கள். ராசிபுரம் பகுதிக் கூட்டத்தில் நம்பர்களைச் சரிபார்க்க அந்த அக்காவே வருவதாகச் சொல்லியிருக்கிறார்.